பிக்கப் ஹெட்லைட் மங்கலா எரியுதா? பல்பு வாங்குறதுக்கு முன்னாடி படிங்க – வாசகர் கேள்வி பதில்

ஹெட்லைட் பத்தின கேள்விங்க நிறைய சேர்ந்துபோச்சு, அதுவும் பாதிக்குப் பாதி பிக்கப் வச்சிருக்கிறவங்க கேட்டது. அதனால இந்தத் தடவை வேற எதுவும் இல்ல, முழுக்க லைட்டுதான்.

கேள்வி: அண்ணே, என்னோடது பழைய பிக்கப். டிம்மும் பிரைட்டும் ஒரே பல்புல வர்ற ஹெச்4 வகை, 60/55 வாட், அதாவது பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. நைட்ல ரோடே சரியா தெரியல, மஞ்சளா மங்கலா எரியுது. 100/90 வாட் பல்பு வாங்கி மாட்டிடுன்னு கூட ஓட்டுற பசங்க சொல்றாங்க. மாட்டலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. முதல்ல இப்ப இருக்கிற பல்புக்கே முழு கரண்ட் போகுதான்னு பாருங்க, பழைய வண்டில பெரும்பாலும் கோளாறு அங்கதான் இருக்கும். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி லைட்டைப் போட்டுட்டு பேட்டரில மல்டிமீட்டர் (வோல்டேஜ் அளக்குற மீட்டர்) வச்சா 13.8-ல இருந்து 14.4 வோல்ட் வரைக்கும் காட்டணும். அடுத்து ஹெட்லைட் பின்னாடி பல்புல மாட்டியிருக்கிற கப்ளரைக் கழட்டாம, லைட் எரியும்போதே பின்பக்கமா மீட்டர் முனையை நுழைச்சுப் பாருங்க. கழட்டிட்டுப் பார்த்தா லோடு இல்லாததால வோல்டேஜ் நல்லாதான் காட்டும், அதை நம்பிடக் கூடாது. பேட்டரியை விட அரை வோல்ட் குறைஞ்சா பரவாயில்ல. ஒன்றரை வோல்ட் குறையுதுன்னா உங்க வெளிச்சம் போன இடம் அதுதான், ஏன்னா ஹாலஜன் பல்புல வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போயிடும்.

எங்க குறையுதுன்னா, நிறைய பழைய வண்டில பேட்டரில கிளம்புற கரண்ட் டேஷ்போர்டுக்குள்ள போய், லைட் சுவிட்ச், டிம்-பிரைட் சுவிட்ச் எல்லாத்தையும் சுத்திட்டு மெல்லிசான வயர்லதான் பல்புக்கு வந்து சேருது. போற வழில இருக்கிற ஒவ்வொரு ஜாயின்ட்டும் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். கப்ளரைக் கழட்டி உள்ள பாருங்க, பித்தளை மாதிரி பளபளன்னு இருக்க வேண்டிய டெர்மினல் கருத்துப்போய், சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் பழுப்பா பொரிஞ்சிருந்தா புது கப்ளர் போடாம எந்த பல்பு போட்டும் பிரயோஜனம் இல்ல. எர்த் வயர் பாடில முறுக்கியிருக்கிற போல்ட்டையும் கழட்டி, அடியில இருக்கிற துருவையும் பெயின்ட்டையும் சுரண்டி சுத்தம் பண்ணி மாட்டுங்க.

அதுக்கும் சரியாகலன்னா ரிலே, அதாவது சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன் பண்ற சுவிட்ச், வச்ச வயரிங் கிட் போடலாம், என்னைக் கேட்டா பழைய பிக்கப்புக்கு இதை விட நல்ல அப்கிரேடு கிடையாது. டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரிலே. பேட்டரில இருந்து நேரா தடிமனான வயர், பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ், அது ரிலேவோட 30-ம் நம்பர் காலுக்குப் போகும், 87-ல இருந்து பல்புக்கு. பழைய கப்ளர்ல வர்ற கரண்ட் 85, 86-ல ரிலேவைத் தட்டி விடுறதுக்கு மட்டும்தான், அதனால சுவிட்சுக்கு பாரமே இருக்காது. ஒண்ணு மட்டும் கவனிங்க, சில ஜப்பான் வண்டில சுவிட்ச் பாசிட்டிவ்ல இல்லாம எர்த் பக்கம் இருக்கும், அதுக்கு ஏத்த கிட்டா பார்த்துக் கேளுங்க. புது மாடல் வண்டில ஹெட்லைட்டை ஒரு கன்ட்ரோல் யூனிட் ஓட்டும், அதுல இந்த மாதிரி வயரை வெட்டி ஒட்டுற வேலையே வேண்டாம்.

100 வாட் ஏன் வேண்டாம்னா, 60 வாட் பல்பு ரெண்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், 100 வாட்னா 16-க்கு மேல போயிடும். கப்ளர் உருகும், சூட்டுல ரிஃப்ளெக்டர் (பல்புக்குப் பின்னாடி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற கிண்ணம்) உள்ள இருக்கிற கண்ணாடிப் பூச்சு கருத்துப்போகும், அப்புறம் எந்த பல்பு போட்டாலும் வெளிச்சம் திரும்பாது. ஃப்யூஸ் போகுதேன்னு பெரிய ஃப்யூஸா மாத்துறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அதைச் செய்யவே செய்யாதீங்க, ஃப்யூஸ் தாங்கிக்கிட்டா அடுத்து எரியப் போறது வயர்தான். சாதாரண ஆன்-ரோடு லைட்டா இருந்தா 60/55-ஐத் தாண்டின பல்பு நிறைய நாட்டுல சட்டப்படியும் கூடாது.

கேள்வி: ஹாலஜனை எடுத்துட்டு அதே ஹோல்டர்ல எல்ஈடி பல்பு மாட்டினேன். கிட்டக்க பளிச்சுன்னு இருக்கு, ஆனா தூரத்துல ஒண்ணும் தெரியல, எதிர்ல வர்றவங்க வேற டிம் அடி டிம் அடின்னு லைட் போட்டுக் காட்டுறாங்க. நான் டிம்லதான் போறேன். என்ன தப்பு?

பதில்: உங்க மேல தப்பு இல்ல, பல்பு ரிஃப்ளெக்டரோட ஒத்துப்போகல. கழட்டி வச்ச பழைய ஹெச்4 ஹாலஜனை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. கண்ணாடிக்குள்ள ரெண்டு ஃபிலமென்ட் இருக்கும். முனைப்பக்கம் இருக்கிறது டிம், அதுக்கு அடியில மட்டும் சின்னதா கிண்ணம் மாதிரி ஒரு தகடு தெரியுதா? டிம்ல எரியும்போது வெளிச்சம் ரிஃப்ளெக்டரோட கீழ்ப்பாதிக்குப் போகாம தடுக்குறது அந்தத் தகடுதான். அதனால மேல்பாதில பட்டு கீழ்நோக்கி மட்டும் ரோட்ல விழும், எதிர்ல வர்றவர் கண்ணுக்குப் போகாது. பின்னாடி இருக்கிற இன்னொரு ஃபிலமென்ட் பிரைட், அதுக்குத் தகடு கிடையாது.

அந்த ரிஃப்ளெக்டரை வடிவமைச்சதே மெல்லிசான அந்த ஃபிலமென்ட் எந்த இடத்துல இருக்கோ அதைக் கணக்கு வச்சுத்தான். எல்ஈடில சிப் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலோ, நடுத்தண்டு தடிமனா இருந்தாலோ வெளிச்சம் சிதறிடும். சிதறின வெளிச்சம் வண்டி முன்னாடியே விழுந்து உங்க கண்ணைப் பழக்கிடும், கிட்ட பளபளன்னு இருந்தா தூரத்து இருட்டு இன்னும் இருட்டாத்தான் தெரியும். அட்டைல போட்டிருக்கிற லூமன் நம்பரை, அதாவது மொத்த வெளிச்சம் எவ்வளவுங்கிறதை மட்டும் பார்த்து வாங்காதீங்க.

சோதிச்சுப் பார்க்குறது சுலபம். சமதளத்துல சுவருக்கு நேரா நிறுத்தி டிம் போடுங்க. மேல இருட்டு, கீழ வெளிச்சம், நடுவுல கத்தி வச்சு வெட்டின மாதிரி கோடு வரணும். ஹாலஜன்ல அந்தக் கோடு வந்து எல்ஈடில வரலன்னா அந்த எல்ஈடியைக் கழட்டிடுங்க. சில சமயம் சிப் மேலயும் கீழயும் பார்க்குற மாதிரி திரும்பியிருக்கும், ரெண்டு பக்கவாட்டுலயும் பார்க்குற மாதிரி திருப்பினா கொஞ்சம் சரியாகும். எல்ஈடி பல்போட பின்னாடி இருக்கிற ஃபேன் இடிக்குதுன்னு ஹெட்லைட் பின்பக்கத்து ரப்பர் கவரை மாட்டாம விட்டா, லைட்டுக்குள்ள தூசியும் தண்ணியும் போய் அப்புறம் முழு அசெம்பிளியையே மாத்த வேண்டி வரும்.

சட்டமும் பார்க்கணும். ஹாலஜனுக்கு அனுமதி வாங்கின லைட்ல எல்ஈடி பல்பு போடுறது பல நாட்டுல கூடாது. ஜெர்மனில 2020-ல இருந்து குறிப்பிட்ட சில பல்புகளை, அதுவும் குறிப்பிட்ட வண்டி மாடலுக்கு மட்டும், சோதிச்சுப் பார்த்து அனுமதிக்கிறாங்க. அவங்களே மாடல் மாடலா பார்க்குறாங்கன்னா எல்லா வண்டிக்கும் ஒரே பல்பு பொருந்தும்னு விக்கிறதை எப்படி நம்புறது? எல்ஈடிதான் வேணும்னா உங்க மாடலுக்குன்னே அனுமதியோட வர்ற முழு ஹெட்லைட் அசெம்பிளியா மாத்துங்க.

கேள்வி: மழைக்கு 6000 கெல்வின் வெள்ளை பல்பு நல்லதா?

பதில்: இல்ல. கெல்வின் நிறத்தைத்தான் சொல்லும், வெளிச்சம் எவ்வளவுன்னு சொல்லாது. சாதாரண ஹாலஜன் 3200 பக்கம் இருக்கும். நீலப் பூச்சு அடிச்ச ஹாலஜன் பார்க்க வெள்ளையா தெரியும், ஆனா அந்தப் பூச்சு வெளிச்சத்துல ஒரு பங்கைத் தடுத்துட்டுத்தான் வெள்ளையாக்குது. நல்ல கம்பெனியோட பூச்சில்லாத பல்பே மழைக்குப் போதும்.

கேள்வி: புதுசா போட்ட பல்பு சீக்கிரம் சீக்கிரம் ஃப்யூஸ் ஆகுது. நானேதான் மாட்டுறேன். மாட்டுறதுல ஏதாவது தப்பா?

பதில்: இருக்கலாம். கண்ணாடியைக் கையால தொட்டீங்களா? விரல்ல இருக்கிற எண்ணெய் கண்ணாடில ஒட்டிக்கிட்டா அந்த இடம் மட்டும் அதிகமா சூடாகி பல்பு சீக்கிரம் போயிடும். பல்போட அடித்தகட்டைப் பிடிச்சு மாட்டுங்க, தெரியாம பட்டுட்டா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு காயவிட்டுடுங்க. ஹெச்4-ல மூணு காது இருக்கும், அகலமான காது மேல வரணும், மூணும் பள்ளத்துல உட்கார்ந்த அப்புறம்தான் ஸ்பிரிங் கிளிப்பை மாட்டணும். கிளிப் லூசா இருந்தா பல்பு ஆடிக்கிட்டே இருக்கும், பிக்கப்போட கட்டை மாதிரியான பட்டை ஸ்பிரிங்ல வர்ற அதிர்வுக்கு ஃபிலமென்ட் அறுந்துடும். கப்ளரை வயரைப் பிடிச்சு இழுக்காதீங்க. ரப்பர் கவர்ல மேல்பக்கம்னு குறி இருக்கும், அதைப் பார்த்து ஓரம் முழுக்க அழுத்தி விடுங்க.

எல்லாம் சரியா மாட்டியும் போகுதுன்னா ஆல்டர்நேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் குடுக்குறது) பக்கம் போங்க. வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே ஹாலஜனோட ஆயுசு பாதியாகிடும், 15 வோல்ட்டைத் தாண்டுதுன்னா அந்த வோல்டேஜைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் போச்சு. இன்னொண்ணு, கூடுதல் வெளிச்சம்னு சொல்லி விக்கிற ஹாலஜன் பல்புங்க ஆயுசைக் குறைச்சுத்தான் அந்த வெளிச்சத்தைக் குடுக்குது, அது கோளாறு இல்ல. எதுவா இருந்தாலும் ஜோடியா மாத்துங்க, ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணும் கிட்டத்தட்ட அதே வயசுதானே.

கேள்வி: ஹெட்லைட் மேல மஞ்சளா படிஞ்சு போச்சு. பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: பேஸ்ட் கொஞ்ச நாளைக்குப் பளபளப்பு காட்டும், அவ்வளவுதான். அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், மேல இருந்த யூவி பூச்சு வெயில்ல போயிட்டதால மஞ்சளாகுது. 800, 1500, 3000-ன்னு நைஸான வாட்டர் பேப்பரால தண்ணி விட்டுத் தேய்ச்சு, பாலிஷ் போட்டு, கடைசில யூவி கிளியர் கோட் அடிக்கணும். கோட் அடிக்காம விட்டா சீக்கிரமே மறுபடி மஞ்சளாகிடும். பல்பு மாத்துற யோசனை இருந்தா முதல்ல இதை முடிச்சுட்டுப் பாருங்க, பல்பே மாத்த வேண்டாம்னு தோணலாம்.

கேள்வி: காலியா போகும்போது ஒரு தொந்தரவும் இல்ல. பின்னாடி லோடு ஏத்தினா மட்டும் எதிர்ல வர்ற எல்லாரும் கோபப்படுறாங்க. பல்பு கம்பெனி போட்டதுதான், மாத்தவே இல்ல.

பதில்: பின்பக்கம் இறங்கினா மூக்கு தூக்கும், லைட்டும் கூடவே தூக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 3 மீட்டர் இருக்கிற பிக்கப்ல, முன்பக்கத்தை விட பின்பக்கம் 5 சென்டிமீட்டர் கூடுதலா இறங்கினா வண்டி கிட்டத்தட்ட 1 டிகிரி சாயும். டிம் லைட்டோட கோடு வழக்கமா 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் கீழ இறங்குற மாதிரி வச்சிருப்பாங்க, 1 டிகிரி சாய்ஞ்சா அது மேல ஏற ஆரம்பிச்சுடும், 50 மீட்டர்ல வர்ற கார்க்காரரோட கண்ணுக்கு நேரா போய் நிக்கும். அவர் அந்த நேரத்துல உங்க வண்டியையும் பார்க்கல, ரோட்ல நடந்து போற ஆளையும் பார்க்கல.

ஸ்டியரிங் பக்கத்துல 0, 1, 2, 3-ன்னு போட்ட, லைட்டைக் கீழ இறக்குற சின்ன சக்கரம் இருக்கான்னு பாருங்க, நிறைய பேர் அதைத் தொட்டதே இல்ல. காலி வண்டிக்கு 0, லோடு ஏற ஏற நம்பரைக் கூட்டணும், எந்த லோடுக்கு எந்த நம்பர்னு வண்டியோட மேனுவல்ல இருக்கும். அது இல்லாத வண்டின்னா, வழக்கமா ஏத்துற லோடோட சுவர் முன்னாடி நிறுத்தி ஹெட்லைட் பின்னாடி இருக்கிற ஸ்குரூவால கோட்டை இறக்கி வச்சுக்குங்க. சஸ்பென்ஷனை உயர்த்தினவங்களும், பின்னாடி கூடுதல் பட்டை போட்டவங்களும் லைட்டை மறுபடி செட் பண்ணியே ஆகணும். லோடு இறக்கினதும் சக்கரத்தை 0-க்குத் திருப்ப மறந்துடாதீங்க, இல்லன்னா திரும்பி வர்றப்ப வெளிச்சம் கிட்டக்கவே விழுந்து தூரத்துல இருக்கிறது எதுவும் உங்களுக்குத் தெரியாது.