தடுமாறும் போன் கம்பெனியில் மகளுக்கு வேலை: சேரலாமா?

வணக்கம் சார்.

மகள் இ.சி.இ. கடைசி வருடம். கேம்பஸில் வந்தது ஒரே ஒரு ஆஃபர், அதுவும் ஆப்பிள், சாம்சங், ஷாவ்மிக்கு நடுவே வருடா வருடம் சந்தையை இழந்துகொண்டிருக்கும் ஒரு போன் கம்பெனி. நீங்களோ ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். "நான் பட்டது போதாதா, அவளும் படணுமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நோக்கியாவில் நடந்ததை வைத்து மகளுக்கு முடிவு சொல்வதாக இருந்தால், அங்கே நடந்தவை இரண்டு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது பின்லாந்தில் நடந்தது. 2007-இல் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்களில் ஏறக்குறைய பாதி நோக்கியாவுடையவை. அதே வருடம் ஐபோன் வந்தது, அடுத்த வருடம் ஆண்ட்ராய்டு போன். கேமரா, பேட்டரி, உறுதி என்று கையில் பிடித்துப் பார்க்கும் எதிலும் நோக்கியா சோடை போகவில்லை. உள்ளே ஓடிய சிம்பியன் என்ற இயங்குதளம்தான் தொடுதிரைக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆப் எழுதுகிறவர்கள் கூட்டம் ஆப்பிள் பக்கமும் கூகுள் பக்கமும் போய்விட்டது. 2011 பிப்ரவரியில் தலைமை அதிகாரி ஸ்டீபன் ஈலாப் இனி விண்டோஸ் போன்தான் என்று அறிவித்தார். ஆனால் லூமியா என்ற பெயரில் முதல் விண்டோஸ் போன் கடைக்கு வர அந்த வருடக் கடைசி ஆகிவிட்டது. அதுவரை, கைவிடப்போகிறோம் என்று கம்பெனியே சொல்லிவிட்ட சிம்பியன் போனை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? 2014 ஏப்ரலில் போன் பிரிவு மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது. மறு வருடமே அவர்கள் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள்.

இரண்டாவது, உங்கள் ஆலையில் நடந்தது. வருமான வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டிருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்தத்தில் போன் செய்து கொடுக்கும் இடமாக மாறியது. ஆர்டர் நின்றது, 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியும் நின்றது. லைனில் இருந்தவர்கள் வேலையில் எந்தக் குறையும் இல்லை. நோக்கியாவை நம்பியிருந்த ஃபாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் யூனிட்டும் சில மாதங்களில் கதவைச் சாத்தியது.

ஆக, பிராண்டு தோற்றது ஒரு காரணத்தால். ஆலை மூடியது இன்னும் சில காரணங்கள் சேர்ந்ததால். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அதே ஃபாக்ஸ்கான் இன்று அதே வட்டாரத்தில் ஐபோன் செய்கிறது. பூட்டிக் கிடந்த நோக்கியா ஆலையை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் வாங்கியது. டாடா எலக்ட்ரானிக்ஸ் ஓசூர் பக்கம் இருக்கிறது. கம்பெனி போனாலும் தொழில் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. அந்தத் தொழிலுக்குத் திரும்பப் போகும் அளவுக்குக் கையில் என்ன வேலை இருந்தது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். நாள் முழுக்க ஒரே ஸ்டேஷனில் ஸ்க்ரூ போட்டவருக்குக் காட்ட எதுவும் இல்லை. அது அவர் குற்றமும் இல்லை. சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பொருத்தும் எஸ்.எம்.டி. லைனில், அவற்றைச் சூட்டில் பற்றவைக்கும் ரீஃப்ளோ அடுப்பின் வெப்பநிலையை செட் செய்யத் தெரிந்தவர், போர்டைச் சோதிக்கும் டெஸ்ட் ஃபிக்ஸ்சரைப் பழுது பார்க்கத் தெரிந்தவர், கார் பாகம் செய்யும் கம்பெனிக்குக்கூடப் போக முடியும். போர்டு எங்கேயும் போர்டுதானே.

அதனால் கம்பெனி பெயரை ஓரமாக வைத்துவிட்டு, மகளை எச்.ஆருக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். எந்தத் துறை, எந்த வேலை என்று எழுத்தில் கேட்கட்டும். டெஸ்ட் இன்ஜினியரிங், ப்ராசஸ், ஆர்.எஃப். (ரேடியோ அலை) அளவீடு, புது மாடல் அறிமுகப் பிரிவு என்று பதில் வந்தால் நான் சேரச் சொல்வேன். தடுமாறும் கம்பெனியில் ஆள் குறைவாக இருக்கும், புதிதாக வந்தவள் கையிலும் பெரிய வேலையைக் கொடுப்பார்கள். முன்னணிக் கம்பெனியில் அதற்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். "கிராஜுவேட் டிரெய்னி, புரொடக்ஷன்" என்று மட்டும் பதில் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகளை ஆள் எண்ணும் வேலையில் இரண்டு வருடம் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

அந்தக் கம்பெனிக்கு போன் மட்டும்தான் தொழிலா என்றும் பாருங்கள். இதை யாரும் கேட்பதில்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. எல்ஜி போன் பிரிவு தொடர்ந்து 23 காலாண்டு நஷ்டம் பார்த்து 2021-இல் அந்தத் தொழிலையே விட்டது. ஆனால் டிவி, ஃப்ரிட்ஜ், கார் எலக்ட்ரானிக்ஸ் இருந்ததால் கொரியாவில் அந்தப் பிரிவு ஆட்களை மற்ற பிரிவுகளுக்கு மாற்ற முடிந்தது. நோக்கியாவும்கூட நெட்வொர்க் கருவி வைத்துத்தான் இன்றும் நிற்கிறது. போன் ஒன்றே கதி என்றிருக்கும் கம்பெனியில் அந்தப் பிடிமானம் கிடையாது.

கல்விக் கடன் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முதல் ஆறு மாதச் சம்பளத்தில் வண்டி, புது போன் எதுவும் வேண்டாம். ஆறு தவணைக்கான பணம் தனிக் கணக்கில் சேரட்டும். அவள் இருக்கும்போதே கம்பெனியில் சம்பளம் தள்ளிப்போனால், ஒரு மாதம் பொறுக்கலாம். இரண்டாவது மாதமும் அப்படியென்றால் வேறு இடத்துக்கு விண்ணப்பிக்க ஆரம்பிக்க வேண்டும். பி.எஃப். ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்பதை மாதா மாதம் யு.ஏ.என். என்ற தன் பி.எஃப். எண்ணின் கணக்கில் அவளே பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் நீங்கள் கேட்டு நச்சரிக்க வேண்டாம்.

ஒன்றே ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு வருட பாண்ட், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது, இடையில் போனால் லட்சக்கணக்கில் கட்டு என்பதெல்லாம் வேலை நியமன ஆர்டரில் இருந்தால் கையெழுத்து போட வேண்டாம். நிற்குமா நிற்காதா என்று தெரியாத கம்பெனி, உங்கள் மகளை மட்டும் கட்டிப்போடுவது என்ன நியாயம்? பதில் மெயிலும் ஆர்டர் நகலும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். பாண்ட் பக்கத்தை முதலில் படித்துவிட்டு ஃபோன் செய்கிறேன்.