கவிழ்ந்து கிடக்கும் கப்பலை அங்கேயே வெட்டி அள்ளாமல் ஏன் கோடிக்கணக்கில் செலவழித்து நிமிர்த்துகிறார்கள்?

எல்லாக் கப்பலையும் நிமிர்த்துவதில்லை. வெட்டி எடுப்பதும் உண்டு, அதற்குக் கீழே வருகிறேன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிற பலருக்கும் மனதில் இருப்பது கோஸ்டா கான்கார்டியா என்ற இத்தாலிய உல்லாசப் பயணக் கப்பல்தான் என்று நினைக்கிறேன். கப்பலில் எஞ்சினியராக வேலை பார்த்தவன் என்பதால் அந்த மீட்புப் பணியை அப்போது விடாமல் கவனித்து வந்தேன். என்னைப் பொறுத்தவரை அங்கே நிமிர்த்தியதுதான் சரி.

2012 ஜனவரி 13 இரவு ஜிலியோ தீவுக்கு மிக நெருக்கமாகப் போய், பாறையில் இடித்து, இடது பக்கம் கிழிந்து, கடைசியில் வலது பக்கமாகச் சாய்ந்து கரையோரம் படுத்துவிட்டது. 32 பேர் இறந்தார்கள். 290 மீட்டர் நீளக் கப்பல், இரண்டு பாறை முகடுகள் மேல் உட்கார்ந்திருந்தது, நடுப்பகுதிக்குக் கீழே தாங்க எதுவும் கிடையாது, கடல் பக்கம் சரிவு இறங்கி ஆழத்துக்குப் போகிறது. ஒரு நல்ல புயல் அடித்தால் முதுகெலும்பு முறிந்துவிடும், இல்லையென்றால் வழுக்கி ஆழத்துக்குள் போய்விடும். அதனால் முதல் வேலையாக எண்ணெயை உறிஞ்சி எடுத்தார்கள், 2,000 டன்னுக்கு மேல். கப்பலை அகற்றும் வேலை அதற்கு அடுத்துதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கப்பலைத் தூக்க உலகத்தில் எந்தக் கிரேனும் கிடையாது. ஒரு பக்கம் கட்டி இழுத்தால் எழுந்து நிற்காது, இழுத்த பக்கமே நகர்ந்து வரும், அல்லது உடையும். முதலில் அதைப் பிடித்து வைக்க வேண்டும், அப்புறம் அது வந்து உட்காரத் தரை வேண்டும். டைட்டன் சால்வேஜ், மிக்கோபெரி என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து, தென்னாப்பிரிக்காவின் நிக் ஸ்லோன் தலைமையில், அந்தத் தரையைக் கடலுக்கு அடியில் கட்டின. கிரானைட் பாறையைத் துளைத்துத் தூண்கள் இறக்கி எஃகு மேடைகள் அமைத்தார்கள், பாறைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய பைகளை அடுக்கிச் சிமெண்ட் கலவையை நிரப்பினார்கள். கப்பலுக்கு அடியால் கோத்து வந்த சங்கிலிகள் கரைப் பக்கமிருந்து அதை இழுத்துப் பிடித்துக்கொண்டன, ஒவ்வொரு கண்ணியும் 200 கிலோவுக்கு மேல். மேலே தெரிந்த பக்கத்தில் பல மாடி உயர எஃகுத் தொட்டிகளைப் பற்றவைத்தார்கள். ஆழத்தில் டைவர் ஒருவர் ஒரு முறைக்கு ஒரு மணி நேரம்கூட வேலை செய்ய முடியாது, மேலே வந்தே ஆக வேண்டும். நினைத்துப் பாருங்கள், இத்தனையும் அப்படிக் கட்டியதுதான்.

2013 செப்டம்பர் 16 காலை ஜாக்கிகள் (அழுத்த விசையால் இழுக்கும் கருவிகள்) கப்பலில் கட்டிய கேபிள்களை இழுக்க ஆரம்பித்தன. பாறையிலிருந்து பிய்த்து எடுக்கவே சுமார் 6,000 டன் விசை தேவைப்பட்டது. ஓரளவு நிமிர்ந்த பிறகு தொட்டிகளுக்குள் தண்ணீர் விட்டார்கள், மிச்சத்தை எடையே பார்த்துக்கொண்டது. மறுநாள் விடியற்காலை 4 மணிக்கு, 19 மணி நேரம் கழித்து, கட்டி வைத்த தரையில் உட்கார்ந்தது. அடுத்து மறுபக்கத்திலும் தொட்டிகள் பொருத்தி, 2014 ஜூலையில் எல்லாத் தொட்டிகளிலிருந்தும் தண்ணீரை வெளியேற்றி மிதக்க வைத்து, இத்தாலியின் ஜெனோவா துறைமுகம் வரை இழுத்துப்போய் உடைத்தார்கள். இந்தப் பணியில் ஸ்பெயினைச் சேர்ந்த டைவர் ஒருவர் உயிரிழந்தார், வெற்றிக் கதையாகச் சொல்லும்போது பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

சரி, ஏன் வெட்டவில்லை? அமெரிக்காவின் ஜார்ஜியா கடற்கரையில் 2019 செப்டம்பரில் கவிழ்ந்த கோல்டன் ரே என்ற கார் ஏற்றும் கப்பலை வெட்டித்தான் எடுத்தார்கள். நிமிர்த்தினால் தாங்காது என்று முடிவு செய்து, கப்பலின் குறுக்கே நங்கூரச் சங்கிலியை ஓட்டி அறுத்து எட்டுத் துண்டாக்கினார்கள். உள்ளே இருந்தது 4,000-க்கும் மேற்பட்ட கார்கள். நடுவில் தீப்பிடித்தது, எண்ணெய் கசிந்தது, கடைசித் துண்டு போக 2021 அக்டோபர் ஆகிவிட்டது. ஜிலியோவைச் சுற்றி இருப்பது பாதுகாக்கப்பட்ட கடல், அடியில் கடற்புல் படுகைகள். அங்கே வெட்டியிருந்தால், ஒரு சிறு நகரத்துக்குத் தேவையான சாமான்கள், அழுகிய உணவு, ரசாயனம் எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் கொட்டியிருக்கும்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. நிமிர்த்தும்போது இரண்டு பேரின் உடல் கிடைத்திருக்கவில்லை. நிமிர்த்திய பிறகுதான் ஒருவருடையது கிடைத்தது. மற்றவர் கப்பலில் வேலை செய்த ஓர் இந்தியர், அவரது உடல் 2014 நவம்பரில் ஜெனோவாவில் கப்பலைப் பிரிக்கும்போது உள்ளேயே கிடைத்தது. சங்கிலியால் அறுத்து அள்ளியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைத்திருக்கும்?

தரைதட்டிய கப்பல் கதை வேறு. 2012-இல் நிலம் புயலின்போது பெசன்ட் நகர் கரையோரம் ஒதுங்கிய பிரதிபா காவேரியைப் போல, உடல் உடையாமல் இருந்தால் எண்ணெயை, பாரத்தைக் குறைத்து, நல்ல ஓதம் வந்து கடல் மட்டம் உயரும் நேரம் பார்த்து டக் எனப்படும் இழுவைப் படகுகளை வைத்து இழுத்துவிடலாம்.

கோஸ்டா கான்கார்டியாவுக்கு ஆன செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. நூறு கோடி யூரோவைத் தாண்டியது, கப்பல் கட்டிய விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அதில் கப்பலை நகர்த்தியது மட்டும் இல்லை. கப்பல் ஜெனோவா போன பிறகும் ஜிலியோவில் ஆட்கள் இருந்தார்கள், அந்தச் சிமெண்ட் பைகளையும் மேடைகளையும் எடுத்து, கடலடியைச் சுத்தம் செய்து, கடற்புல்லைத் திரும்ப நட, மேலும் சில வருடங்கள் ஆயின.