வாசகர் கேள்வி: மன்னித்தால் பங்கையும் விட வேண்டுமா?

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற வீட்டை அண்ணா எனக்குத் தெரியாமல் தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். ஆராதனையில் சொல்லும் கர்த்தரின் ஜெபத்தில் ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்ற இடம் வரும்போது எனக்கு வாய் எழுவதில்லை. அவரை மன்னித்தால் என் பங்கையும் விட வேண்டுமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: சகோதரி, விட வேண்டியதில்லை. மன்னிப்பது என்பது பழிவாங்குதலைத் தேவனிடம் ஒப்படைப்பதே (ரோமர் 12:19) அன்றி, நடந்த அநியாயத்தை நியாயம் என்று ஒப்புக்கொள்வதன்று. உங்கள் பங்கைக் கேட்பது பாவமாகாது; எனினும் 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தின்படி, நீதிமன்றத்துக்குப் போகுமுன் போதகரையோ குடும்பப் பெரியவரையோ நடுவில் வைத்துப் பேசிப் பாருங்கள்.

கடினமானது மனத்தின் கணக்குத்தான். மத்தேயு 18இல் இயேசு சொல்லும் உவமையில், ராஜாவால் பதினாயிரம் தாலந்து கடன் தள்ளப்பட்ட ஊழியக்காரன், நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். அந்த நூறும் ஏறத்தாழ நூறு நாட் கூலி. இயேசு அதை அற்பம் என்று சொல்லவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் உங்கள் இழப்பும் அற்பமானதன்று. ஆனால் ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம் என்பதால், தள்ளப்பட்ட கடனோ எத்தனை பிறவி உழைத்தாலும் தீராதது; தேவன் நமக்கு மன்னித்ததும் அப்படிப்பட்ட கடனே.

அண்ணா மன்னிப்புக் கேட்கும்வரை காத்திராதீர்கள்; மாற்கு 11:25 ஜெபிக்க நிற்கும்போதே மன்னிக்கச் சொல்கிறது. கோபம் திரும்பி வந்தால், அன்றைக்கும் அவருடைய பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.