ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் வரை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எனக்கு 42 வயது. மும்பை செம்பூரில் இருக்கிறோம். ஃபோர்ட்டில், ஃப்ளோரா ஃபவுண்டனுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். போன மாதம் ரத்தப் பரிசோதனையில், சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. அவர் பட்டதைப் பார்த்திருக்கிறேன், பயமாக இருக்கிறது.

முயற்சி செய்யாமல் இல்லை. ஜனவரியில் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டி ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே நிறைய உட்கார்ந்து எழ வைத்தார்கள். மறுநாள் ஸ்டேஷன் பாலத்துப் படியில் இறங்க முடியவில்லை. மூன்று மாதத்தில் பத்து கிலோ என்று என் பெயருக்கு நேரே எழுதி வைத்து, வாராவாரம் எல்லோர் முன்னாலும் எடை பார்த்தார்கள். குறையவே இல்லை. பிப்ரவரியில் நின்றுவிட்டேன். அப்புறம் 21 நாள் செய்தால் பழகிவிடும் என்று படித்து, காலை நாலரைக்கு எழுந்து யூடியூப் பார்த்துச் செய்தேன். ஒரு வாரம்கூடத் தாண்டவில்லை. ஐந்தரைக்குச் சமையல், பிள்ளைகள் டப்பா, ஸ்கூல், பிறகு ரயில். கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டியில் இறங்கி பஸ் பிடித்து ஆபீஸ். ராத்திரி படுக்கப் பதினொன்றரை ஆகிறது. சனி, ஞாயிறு லீவு என்று பெயர்.

செய்ய வேண்டும் என்று தெரிகிறது, மனசுதான் வரமாட்டேன் என்கிறது. நான் சோம்பேறியா அக்கா? மனசை எப்படி வரவழைப்பது? ஜிம்மில் இன்னும் பாதி வருடம் பாக்கி இருக்கிறது. திரும்பப் போகலாமா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, செம்பூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் சோம்பேறி இல்லை. ஐந்தரைக்கு அடுப்படி, அதன் பிறகு ஹார்பர் லைன் ரயிலில் லேடீஸ் பெட்டி, அதன் பிறகு ஒரு முழு நாள் கணக்கு வேலை. இப்படி ஓடுகிற ஒருத்தியைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2022 நிலவரப்படி இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் உடலுக்குப் போதிய அசைவு இல்லாமல் இருக்கிறார்கள் என்றது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். இத்தனை கோடிப் பெண்களும் சோம்பேறிகளா? வீட்டில் எல்லோருடைய நேரத்தையும் ஒழுங்கு செய்கிறவளுக்கு, அவளுக்கென்று அரைமணி நேரத்தை யாரும் எடுத்து வைப்பதில்லை. விஷயம் அதுதான். அதனால் மனசைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் நேரம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

நாலரைக்கு எழுவதை விட்டுவிடுங்கள். பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். தூக்கம் குறைந்தால் இன்சுலின் வேலை செய்யும் திறனும் குறைகிறது. சர்க்கரைக்காகச் செய்யும் பயிற்சிக்குத் தூக்கத்தை விலையாகக் கொடுப்பது நியாயமே இல்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன். சிஎஸ்எம்டியில் இறங்கி பஸ் பிடிக்கிறேன் என்கிறீர்கள். சிஎஸ்எம்டியிலிருந்து ஃப்ளோரா ஃபவுண்டன் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். சாதாரணமாக நடந்தால் பதினைந்து நிமிடத்துக்குள் போய்விடலாம். காலையில் பதினைந்து, மாலையில் பதினைந்து, வாரத்தில் ஐந்து நாள். கூட்டிப் பாருங்கள், கணக்குப் பார்ப்பது உங்கள் தொழில். 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது எவ்வளவு மிதமான பயிற்சி வேண்டும் என்று சொல்கிறதோ, அதே 150 நிமிடம். ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. 2020இல் வந்த வழிகாட்டுதலில் அதையும் எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் செய்தாலும் சும்மா இருப்பதைவிட நல்லது என்பதே இப்போதைய நிலை.

இது ஜூலை, மழை கொட்டுகிறதே என்பீர்கள். நீங்கள் நடக்கப்போகும் டி.என். ரோடு நெடுகப் பழைய கட்டடங்களின் கீழ் வளைவு வளைவாக நடைபாதை போகிறதே, மேலே கூரையோடு? மும்பையில் மழைக்காலத்தில் நடப்பதற்கு அதைப்போல வாய்த்த இடம் குறைவு. கடைக்காரர்கள் பரப்பி வைத்திருப்பார்கள், வேகமாகப் போக முடியாத இடங்கள் இருக்கும். பரவாயில்லை. சாலை கடக்கும் இடங்களில்தான் குடை வேண்டும். ஆபீஸ் செருப்பை மேஜை டிராயரில் வைத்துவிட்டு, பிடிப்புள்ள ஷூவோ மழைச் செருப்போ போட்டு வாருங்கள். வழுக்காமல் இருப்பதுதான் முக்கியம், விலை அல்ல.

தினப்படி வேலையோடு போகிற அசைவு ‘உடற்பயிற்சி’ ஆகுமா என்ற சந்தேகம் நிறையப் பேருக்கு இருக்கிறது. உடற்பயிற்சி இதயத்தைக் காக்கிறது என்ற அறிவே அப்படிப்பட்ட அசைவிலிருந்துதான் வந்தது. ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் லான்செட்டில் எழுதினார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே பஸ், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே மாதிரியான குடும்பங்கள். கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது, வந்தாலும் உயிர் போவது குறைவாக இருந்தது. தபால்காரர்களையும் அதே துறையில் மேஜை வேலை செய்தவர்களையும் ஒப்பிட்டபோதும் அப்படியே. அந்த கண்டக்டர்களில் யாரும் பயிற்சி செய்வதாக நினைத்துக்கொண்டு படி ஏறவில்லை. நம் ஊரிலும் பழைய சிவப்பு டபுள் டெக்கர்கள் 2023 வரை ஓடின. அதில் படியேறிப் போன கண்டக்டர்களை உங்களுக்கும் நினைவிருக்கும்.

இப்போது மனசுக்கு வருகிறேன்.

உங்கள் மனசு வரமாட்டேன் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அதற்கு நீங்கள் என்ன கற்றுக்கொடுத்தீர்கள்? பயிற்சி என்றால் மறுநாள் படி இறங்க முடியாது. பயிற்சி என்றால் எல்லோர் முன்னாலும் எடை மேடையில் ஏறித் தலைகுனிய வேண்டும். பயிற்சி என்றால் அரைத் தூக்கத்தில் எழ வேண்டும். மூன்றையும் அது சரியாகக் கற்றுக்கொண்டு, இனி வேண்டாம் என்கிறது. அதைத் திட்டி, கெஞ்சி, ஊக்கப் பேச்சு கேட்டு வரவழைக்க முடியாது. வேறு அனுபவத்தைக் கொடுத்தால் வரும். தொடங்குவதற்கு முன்னால் ஆர்வம் இருந்தாக வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது நடக்க ஆரம்பித்த பிறகு, நடந்ததால் கிடைத்த தெளிவை உடம்பு நினைவு வைத்துக்கொண்ட பிறகு, மெதுவாக வருகிறது. ஆகவே முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு விதி: காலையில் பஸ் ஏறாதீர்கள். எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் நடங்கள். மாலையில் பஸ்ஸிலேயே போங்கள். இன்னும் கொஞ்சம் நடந்திருக்கலாமே என்று தோன்றும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தோன்றல்தான் நீங்கள் தேடிய மனசு.

மூன்றாவது வாரத்திலிருந்து வேகத்தைக் கூட்டலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான பயிற்சிக்கு அவ்வளவுதான் அளவு, கையில் கடிகாரம் எல்லாம் தேவையில்லை. மாலை நடையை அதன் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறரை மணி நெரிசலில் பஸ் வரிசையில் நிற்பதைவிட நடந்தே ஸ்டேஷனை எட்டிவிடுவீர்கள்.

21 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். அதனால் மனம் உடைந்தவர்கள் ஏராளம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில், ஒரு புதிய காரியம் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று 96 பேரிடம் பார்த்தார்கள். நடுவாக வந்தது 66 நாள். ஆளுக்கு ஆள், காரியத்துக்குக் காரியம் அது 18இலிருந்து 254 வரை போனது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் பழகின, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. ஒரு வாரத்தில் பழகவில்லை என்று நீங்கள் உங்களையே குற்றம் சொன்னீர்கள். இன்னொன்றும் அதில் தெரிந்தது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் மெகா பிளாக், தண்டவாளத்தில் தண்ணீர் என்று உங்கள் நடை தடைபடத்தான் செய்யும். மறுநாள் தொடருங்கள். விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாக நடக்க வேண்டாம்.

எடை பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். புதிதாக வந்த ஒருவரிடம் மூன்று மாதத்தில் பத்து கிலோ என்று எழுதி வைப்பதும், கூட்டத்தில் நிறுத்தி எடை பார்ப்பதும் பெரிய தவறு. எடை முதல் மாதங்களில் அசையாமல் இருக்கலாம், ஆனால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். தசை சுருங்கும்போது இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அது முதல் நாள் நடையிலிருந்தே நடக்கிறது. நம்மவர்களிடமே இதைப் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, தினம் அரைமணி நேரம் நடந்தவர்களில் அது 39. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்குக் கிடைத்த பலனும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நடந்தவர்களுக்கு எடை பெரிதாக ஒன்றும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். எடை குறைந்தால் நல்லது, அதற்காக மகிழலாம். ஆனால் இப்போதைக்கு, வீட்டில் எடை மேடை இருந்தால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

உங்கள் 6.1 என்பது 5.7க்கும் 6.4க்கும் நடுவில், விளிம்பு நிலையில் இருக்கிறது. அந்த எண் கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. டாக்டர் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னது அதனால்தான். இடையில் வாராவாரம் எதையும் அளக்க வேண்டியதில்லை. அம்மா பட்டதைப் பார்த்த பயம் எனக்குப் புரிகிறது. குடும்பத்தில் இருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆய்வில் விளிம்பில் இருந்து தப்பியவர்களும் நம்மைப் போன்ற உடம்பும் சாப்பாடும் கொண்டவர்கள்.

வீட்டில் ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ராத்திரி சாப்பிட்டதும் பத்து நிமிடம் சொசைட்டி காம்பவுண்டுக்குள் நடக்க வேண்டும். சாப்பிட்ட உடன் நடந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. பாத்திரத்தை அந்தப் பத்து நிமிடம் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். உதவியாகக் கேட்காதீர்கள், டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து என்று சொல்லுங்கள். கணவரும் கூட வந்தால் இன்னும் நல்லது, அவருக்கும் வயது ஏறுகிறது. வெளியில் நடக்கக் கூச்சமாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் வந்து பாருங்கள். புடவையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக எத்தனை மாமிகள் பேசிக்கொண்டே சுற்றுகிறார்கள்! உங்கள் பக்கத்திலேயே சேடா நகர் முருகன் கோயில் இருக்கிறது. சிறு குன்றின் மேல் இருப்பதால் படி ஏறித்தான் ஆக வேண்டும். ஞாயிறு காலை அதுவே போதும்.

அந்த ஜிம் வலி பற்றி: பழக்கமில்லாத தசைக்கு ஓரிரு நாள் கழித்து வலி உச்சத்துக்குப் போகும், அப்புறம் தானாக அடங்கும். உட்கார்ந்து எழும்போது உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே இறங்குகிறோம், அதுதான் தொடையை அப்படிப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் உடம்பில் கோளாறு எதுவும் இல்லை, முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்ய வைத்துவிட்டார்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தலைச்சுற்றலோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்போ வந்தால் மட்டும் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

திரும்ப ஜிம்முக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம், ஆனால் இப்போது வேண்டாம். காலை நடை, மாலை நடை இரண்டும் யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வரட்டும், அநேகமாக அக்டோபர் ஆகிவிடும். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பதால் ஜிம் அதற்கு உதவும். சனிக்கிழமை அங்கே, நடுவாரத்தில் ஒரு நாள் வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும். அதுவரை மெம்பர்ஷிப்பை நிறுத்தி வைக்க முடியுமா என்று இந்த வாரமே கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். திரும்பப் போகும் அன்று பயிற்சியாளரிடம் இரண்டு விஷயம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: எனக்கு எச்பிஏ1சி 6.1, வலுவைக் கூட்டத்தான் வந்திருக்கிறேன். எடை பார்க்க மாட்டேன். அவர் வற்புறுத்தினால் வேறு பயிற்சியாளரைக் கேளுங்கள், பணம் கட்டியவர் நீங்கள்.

மூன்று மாதம் கழித்து வரும் ரிசல்ட் எப்படி இருந்தாலும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா