மூடிய குப்பைக் கிடங்குக்கும் ஆண்டு ஒதுக்கீடு வேண்டுமா?

கேள்வி: எங்கள் நகராட்சியின் குப்பைக் கிடங்கைப் போன ஆண்டு மூடி, மண் போட்டுப் புல்லும் வளர்த்துவிட்டோம். இனி தனி ஒதுக்கீடு வேண்டாம், புல் வெட்டும் செலவைப் பூங்காக் கணக்கில் சேர்த்துவிடலாம் என்கிறார் கணக்கு அலுவலர். ஒரு நிறுவனமோ, மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் எல்லாப் பொறுப்பையும் தாங்களே ஏற்பதாகச் சொல்கிறது. நிதிக்குழு உறுப்பினராக நான் எதை ஆதரிப்பது?

பதில்: இரண்டையும் ஆதரிக்காதீர்கள். மண் போட்டு மூடியது மேற்புறம் மட்டும்தான். உள்ளே குப்பை இன்னும் மக்கிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து மீத்தேன் வாயு வரும், அடியில் கசிவுநீர், அதாவது குப்பையில் ஊறி வடியும் அழுக்கு நீர், இறங்கும். அமெரிக்காவில் மூடிய பின் 30 ஆண்டுப் பராமரிப்பு என்பது பொது விதி. ஐரோப்பிய ஒன்றியமும் குறைந்தது 30 ஆண்டுச் செலவைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இந்தியாவின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் குறைந்தது 15 ஆண்டு என்றன.

இங்கிலாந்தின் லாஸ்கோ கிராமத்துக் குப்பைக் குழி 1982-இல் மூடப்பட்டது. 1986 மார்ச் 24 அதிகாலை, பக்கத்திலிருந்த ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமானது. உள்ளே இருந்த மூவரும் படுகாயமடைந்தார்கள். குழியிலிருந்து மண்ணுக்கடியில் நகர்ந்த வாயு வீட்டுக்குள் சேர்ந்திருந்தது. அன்றிரவு காற்றழுத்தம் சட்டென்று இறங்கியதால் அது கூடுதலாக வெளியேறியிருந்தது. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு மீத்தேன் இருந்தால் ஒரு தீப்பொறி போதும். மூடி நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது என்பதை உங்கள் கணக்கு அலுவலருக்குச் சொல்லுங்கள்.

சரி, எவ்வளவு ஒதுக்குவது? செலவை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். புல் வெட்டுதல், வேலி, வாயு அளவீடு, கண்காணிப்புக் கிணற்று (நிலத்தடி நீர் கெடுகிறதா என்று பார்க்கத் தோண்டியது) நீர்ப் பரிசோதனை எல்லாம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். கசிவுநீரை இறைத்துச் சுத்திகரிக்கும் செலவு மழையைப் பொறுத்து ஏறி இறங்கும். ஆகவே நல்ல மழை பெய்த ஆண்டை வைத்துக் கணக்கிடுங்கள். மூன்றாவது, பழுதுபார்க்கும் செலவு. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். குப்பை மக்க மக்க மேடு அமுங்கும், முதல் சில ஆண்டுகளில் மிக அதிகமாக. மேல்மூடியில் பள்ளம் விழும், அங்கே மழைநீர் தேங்கும், அது உள்ளே இறங்கிக் கசிவுநீராகும். பம்பு பழுதாகும், கிணறு இடியும். பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய செலவு என்றால், அதில் பத்தில் ஒரு பங்கை விலை உயர்வோடு சேர்த்து ஆண்டுதோறும் ஒதுக்கிவையுங்கள்.

அந்தப் பணம் தனி நிதியாக இருக்கவேண்டும். பொது நிதியில் கிடந்தால், மார்ச் வந்ததும் செலவாகாத தொகை என்று எடுத்து வேறெதற்காவது போட்டுவிடுவார்கள். முப்பதாண்டுக் கடமையை ஓராண்டுக் கணக்குக்குள் அடைக்கச் சொல்லும் இந்த முறையோடு நான் எத்தனையோ கூட்டங்களில் மல்லுக்கட்டிவிட்டேன். பள்ளம் விழுந்த பிறகு கோப்பு நகர்ந்து, டெண்டர் விட்டு, ஆள் வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடுகிறது.

இப்போது அந்த நிறுவனத்துக்கு வருவோம். நிலம் உங்களுடையது; நாளைக்குக் கிணற்று நீர் கெட்டால் மக்கள் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கென்றே சின்னதாக ஒரு நிறுவனம் தொடங்கி, பணத்தை வாங்கிச் சில ஆண்டில் மூடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மொத்தத் தொகையை ஒருபோதும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்த ஆண்டுக்கு மட்டும் கொடுங்கள், வங்கி உத்தரவாதம் கேளுங்கள். ‘வாயுவை விற்றே பராமரிப்புச் செலவை எடுத்துவிடலாம்’ என்று சொல்பவரிடம் இன்னும் கவனமாக இருங்கள். புதுக் குப்பை வராத கிடங்கில் வாயு ஆண்டுக்கு ஆண்டு குறையும், செலவு அப்படிக் குறையாது. இன்னொன்று: பராமரிப்பவரே தண்ணீர் மாதிரியும் எடுத்து, அவரே ஆய்வகத்துக்கும் அனுப்பினால், அறிக்கை எப்போதும் சுத்தமாகத்தான் வரும். மாதிரி எடுப்பது வேறொருவராக இருக்கட்டும்.

‘எங்கள் கிடங்கில் வெறும் கட்டட இடிபாடுதான்’ என்று யாராவது சொல்லக்கூடும். செங்கல், கான்கிரீட், மண் மட்டும் என்றால் உண்மையிலேயே வாயுச் செலவு பெரிதாக இருக்காது. ஆனால் மட்டும்தானா? இடிபாட்டோடு மரச்சட்டம் வந்திருக்கும், அது மக்கும். ஜிப்சம் பலகை வந்திருந்தால், ஈரம்பட்டுக் காற்றில்லாமல் கிடக்கும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அழுகிய முட்டை வாடை. அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. பழைய லாரிப் பதிவேடுகளைப் பாருங்கள். அவை இல்லையென்றால் சில இடங்களில் துளையிட்டு வாயுவை அளந்து பாருங்கள். அதன் பிறகு வேண்டுமானால் ஒதுக்கீட்டைக் குறைக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் தனி நிதிக்கான தீர்மானத்தோடு ஒரு வரைபடமும் கேளுங்கள்: எந்தக் கிணறு எங்கே, எவ்வளவு ஆழம், மூடிய நாளில் நீரில் என்ன இருந்தது. இவற்றை அறிந்த பொறியாளர் மாறுதலாகிப் போவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.