பழைய ரயிலில் என்ன படிப்பது?

கேள்வி: உயர்நிலை மூன்றில் படிக்கும் மகனுக்கு ரயில் துறையில் ஆசை. போக்குவரத்து அரும்பொருளகம் பார்ப்பதால் பயனுண்டா? – வாசகி, ஈசூன்

பதில்: உண்டு, சிங்கப்பூரில் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) ஓடத் தொடங்கிய 1987 நவம்பர் 7ஐ மட்டும் குறித்துக்கொண்டு திரும்பாவிட்டால்! மின்சாரம் வரும் வழியைப் பார்க்கச் சொல்லுங்கள். வடக்கு-தெற்குப் பாதையில் மூன்றாம் தண்டவாளம் (ரயிலுக்கு மின்சாரம் தரும் தனித் தண்டவாளம்), 750 வோல்ட்; வடகிழக்குப் பாதையில் மேல்கம்பி, 1,500 வோல்ட். மின்னழுத்தம் (வோல்ட்) கூடினால் அதே திறனுக்கு மின்னோட்டம் குறையும், இழப்பும் குறையும். பிரேக் பிடிக்கையில் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பித் தரும். அருகில் வேறொரு ரயில் கிளம்பினால் அதற்கு அந்த மின்சாரம் பயன்படும்; வாங்க ஆளில்லையென்றால் பெரும்பாலும் மின்தடைக் கருவியில் (ரெசிஸ்டர்) வெப்பமாய் வீணாகும். ரயில்கள் நிற்பதையும் கிளம்புவதையும் பொருத்தி அட்டவணை போடுவதும் ஒரு வேலைதான். பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ மின்பொறியியலில் தொடங்கலாம். கணிதத்தை மட்டும் இப்போதே விட்டுவிட வேண்டாம்.