வானிலை கேள்வி–பதில்: மழைமானியை மாடியில் வைக்கலாமா?

கேள்வி: பள்ளி மொட்டை மாடியில் மழைமானி வைத்திருக்கிறோம். செய்தியில் சொல்லும் அளவோடு ஒத்துப்போவதே இல்லை. என்ன காரணம்?
— ஆசிரியை, தொண்டி

பதில்: முதலில் அதை மாடியிலிருந்து இறக்குங்கள். கைப்பிடிச் சுவரில் மோதி மேலெழும் காற்று, துளிகளை மானிக்குள் விழவிடாமல் தள்ளிக்கொண்டு போய்விடும். வாடைக் காற்றோடு மழை வரும் நம் கரையில் இந்த இழப்பு சாதாரணமல்ல. மானியின் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக நிற்க வேண்டும். அருகே 10 மீட்டர் பனை நின்றால் 20 மீட்டராவது தள்ளி வையுங்கள்.

அளவுக் குடுவையையும் பாருங்கள். மானியின் வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. என்றால் 1 மி.மீ. மழைக்கு 20 மி.லி. தண்ணீர் சேரும், 100 என்றால் 10 மி.லி.தான். குடுவை மாறிப்போனால் மழை இரட்டிப்பாகும், அல்லது பாதியாகும்.

உள்ளே இருக்கும் பாட்டில் 2 லிட்டரா? 200 சதுர செ.மீ. மானியில் 10 செ.மீ. மழையிலேயே அது நிரம்பிவிடும். 2024 நவம்பர் 20 அன்று பாம்பனில் 3 மணி நேரத்தில் 19 செ.மீ. கொட்டியது, அதற்கு 3.8 லிட்டர் இடம் வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் 10 லிட்டர் பாட்டிலுக்கு மாறிவிடுங்கள். புனலில் மணல் அடைத்திருக்கிறதா என்றும் தினமும் பாருங்கள்.

அளப்பது காலை 8.30 மணிக்கு. நேற்று மாலை பெய்த மழை இன்றைய தேதியில்தான் ஏறும். மாணவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான்.

கேள்வி: காலை 10 மணிக்குப் பிறகு போனில் காற்றழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. புயல் அறிகுறியா?
— மீனவர், பாம்பன்

பதில்: இல்லை. நம் பகுதியில் அழுத்தம் தினமும் காலை, இரவு 10 மணியை ஒட்டி ஏறி, அதிகாலை, மாலை 4 மணியை ஒட்டி இறங்கும். 3, 4 மில்லிபார் (காற்றழுத்தத்தின் அலகு) இப்படித் தானாகவே குறையும். நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிடுங்கள். அதிலும் 3 மில்லிபாருக்கு மேல் குறைந்திருந்தால்தான் கவனிக்க வேண்டும். போனை ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள், 8 மீட்டர் மேலே ஏறினாலே 1 மில்லிபார் குறையும். ஆனால் கடலுக்குப் போவதைப் போனை நம்பி முடிவு செய்யாதீர்கள். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் மீன்வளத் துறை அறிவிப்பும்தான் கணக்கு.

கேள்வி: கொடைக்கானலில் போன் காற்றழுத்தம் 770 மில்லிபார் என்று காட்டியதே?
— வாசகர், கீழக்கரை

பதில்: சரியான அளவுதான். அங்குள்ள வானாய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செய்தியில் வருவது கடல்மட்டத்துக்கு மாற்றிய கணக்கு.

கேள்வி: ஈரக்குமிழ் வெப்பமானியில் ஈரப்பதம் எப்போதும் அதிகமாகவே வருகிறது.
— மாணவர், மண்டபம்

பதில்: குமிழைச் சுற்றிய ஈரத் துணியில் உப்பு ஏறியிருக்கும். உப்பேறிய தண்ணீர் மெதுவாக ஆவியாவதால் குமிழ் போதுமான அளவு குளிராது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தாலும் குமிழ் இப்படித்தான் குறைவாகக் குளிரும் என்பதால், ஈரப்பதம் கூடுதலாகத் தெரியும். வாரம் இருமுறை மஸ்லின் துணியையும், அதற்குத் தண்ணீர் உறிஞ்சித் தரும் திரியையும் மாற்றுங்கள். கடற்சாரல் அடித்த நாளில் உடனே மாற்றிவிடுங்கள். போர் தண்ணீர் கூடவே கூடாது, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். புதுத் துணி கட்டி 15 நிமிடம் கழித்தே அளவு எடுங்கள்.